வீட்டுப் பட்டறை மில்லிங் மெஷினில் பால் ஸ்க்ரூ மாட்டுதல்: அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

மேசை மேல் வைக்கும் சிறிய மில்லிங் மெஷின்களில் கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பும்போது டயலில் சில கோடுகள் சும்மா ஓடும், டேபிள் நகராது. இந்த வெற்றுச் சுற்றுதான் பேக்லாஷ். புது மெஷினிலேயே 0.1 மி.மீ. இருப்பது வழக்கம். பித்தளை நட் தேய்ந்துவிட்டால் அது மூன்று மடங்காகும். கையால் வேலை செய்கிறவர் ஒரே திசையில் திருப்பிப் பழகி இதைச் சமாளித்துவிடுவார். மோட்டார் மாட்டி, கணினி ஓட்டும் சிஎன்சி மெஷினாக ஆக்கும்போதுதான் சிக்கல் தலைதூக்கும்: வட்டம் வெட்டினால் முட்டை வரும்.

டேபிளை நகர்த்தும் திருகான சாதாரண லீட் ஸ்க்ரூவில் மரையும் நட்டும் உரசி நகர்கின்றன. கொடுக்கும் விசையில் முக்கால் பங்கு உராய்விலேயே போய்விடும். பால் ஸ்க்ரூவில் நட்டுக்கும் திருகுக்கும் நடுவே எஃகு பந்துகள் உருண்டு சுற்றி வருவதால் விசையில் 90 சதவீதம் வேலைக்கு வந்து சேர்கிறது. உரசல் இல்லாததால் இடைவெளியும் மிகக் குறைவாக வைக்க முடிகிறது.

எதற்கும் முன்னால் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கட்டரின் தள்ளுவிசை டேபிளுக்கு வருகிறது. அங்கிருந்து நட் மவுண்ட், நட், ஸ்க்ரூ, முனை பேரிங், பேரிங் பிளாக் என்று நடந்து கடைசியில் வார்ப்பிரும்பு உடலில் போய் அடங்குகிறது. இந்தச் சங்கிலியில் ஸ்க்ரூ ஒரு கண்ணி மட்டுமே. மற்ற கண்ணிகளில் ஒன்று ஆடினாலும் எவ்வளவு உயர்ந்த ஸ்க்ரூ போட்டும் பயனில்லை.

கைப்பிடியிலேயே ஓட்டப் போகிறீர்களா?

அப்படியானால் ஒரு கணக்கு. பால் ஸ்க்ரூ இரு பக்கமும் எளிதாக உருளும். நீங்கள் திருப்பினால் டேபிள் நகர்வது போலவே, டேபிளைத் தள்ளினால் கைப்பிடி சுற்றும். கட்டர் 400 நியூட்டன் விசையில் டேபிளை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. லீட் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூவில் அது 0.29 நியூட்டன் மீட்டர் முறுக்காக மாறும். 50 மி.மீ. ஆரமுள்ள கைப்பிடியில் சுமார் 600 கிராம் விசை. கை பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மூக்கைச் சொறியக் கையை எடுத்தால் டேபிள் ஓடிவிடும். பழைய லீட் ஸ்க்ரூவில் உராய்வு இலவச பிரேக்காக வேலை செய்தது, இதில் அந்த உபகாரம் கிடையாது. எனவே, நகர்த்தாத அச்சின் டேபிள் லாக்கை ஒவ்வொரு முறையும் இறுக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் கைமெஷினில் பால் ஸ்க்ரூ போடுங்கள்.

டயலும் உதவாது. பழைய டயல் 2 அல்லது 2.5 மி.மீ. லீடுக்குக் கோடு போட்டது. 5 மி.மீ. லீடுக்கு 0.02 மி.மீ. வீதம் 250 கோடு வேண்டும். 60 மி.மீ. விட்டமுள்ள டயலில் கோட்டுக்குக் கோடு முக்கால் மில்லிமீட்டர்தான், கண்ணாடி போட்டாலும் படிப்பது சிரமம். டேபிளின் இடத்தை எண்ணில் காட்டும் டிஆர்ஓ வைத்துவிடுவது மேல். சொல்லப்போனால், கையால் மட்டுமே ஓட்டுகிறவருக்கு டிஆர்ஓவும் ஒரு புதுப் பித்தளை நட்டும் போதும். பால் ஸ்க்ரூவின் முழுப் பயன் சிஎன்சியில்தான்.

பழைய ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மெஷினைப் பிரிக்கும் முன் ஒரு டயல் கேஜும் காந்த அடியும் எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் அளக்கவும்.

முதலில் மொத்த பேக்லாஷ். கேஜை டேபிளின் முனையில் வையுங்கள். கைப்பிடியை ஒரே திசையில் திருப்பி டேபிளை 1 மி.மீ. நகர்த்தி, டயலைப் பூஜ்யம் ஆக்குங்கள். பிறகு மெதுவாக எதிர்த்திசையில் திருப்பி, கேஜ் முள் அசையும் கணத்தில் டயல் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்க்ரூவின் முன்பின் ஆட்டம். ஸ்க்ரூ முனையின் சென்டர் துளையில் கிரீஸ் தொட்டு ஒரு சின்ன பேரிங் பந்தை ஒட்டி, அதன்மேல் கேஜ் முனையை வையுங்கள். கைப்பிடி சுற்றாமல் பிடித்துக்கொண்டு டேபிளை இரு பக்கமும் தள்ளி இழுங்கள். முள் அசைந்தால் அந்த அளவு பேரிங்கின் பங்கு. மொத்தத்தில் இதைக் கழித்தால் மீதி பெரும்பாலும் நட்டுடையது. மொத்தம் 0.2 மி.மீ., அதில் பேரிங் 0.12 மி.மீ. என்று வந்தால், ஸ்க்ரூவை மாற்றாமல் பேரிங்கை மட்டும் சரிசெய்தே பாதி வழி போய்விடலாம்.

மூன்றாவது ஜிப், அதாவது டேபிள் வழுக்கி நகரும் சாய்பக்கப் பள்ளத்தின் (டவ்டெயில்) இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை. கேஜை டேபிளின் ஒரு மூலையில் குறுக்காக வைத்து, மறு மூலையைக் கையால் தள்ளி இழுங்கள். 0.03 மி.மீ.க்கு மேல் திரும்பினால் டவ்டெயிலில் இடைவெளி இருக்கிறது. இது ஸ்க்ரூ மாற்றினாலும் போகாது. டேபிள் திசை மாறும்போதெல்லாம் சற்றே கோணம் திரும்பும், அதை பேக்லாஷ் என்று நினைத்து மென்பொருளில் திருத்தப் போவார்கள். ஜிப்பை முதலில் சரிசெய்யுங்கள்.

எந்த ஸ்க்ரூ வாங்குவது

சந்தையில் அதிகம் கிடைப்பவை எஸ்எஃப்யு வகை. பெயரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு விட்டம், அடுத்த இரண்டு லீட். எஸ்எஃப்யு 1605 என்றால் 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. மிகச் சிறிய மெஷினுக்கும் இடம் போதாத எக்ஸ் (இடவல) அச்சுக்கும் 1204, நடுத்தர மெஷினுக்கு 1605, தலை கனமான மெஷினின் இசட் (மேல்கீழ்) அச்சுக்கு 2005. ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. போகும் 1610 வேகமாக ஓடும் என்று ஆசை காட்டும். மில்லிங்குக்கு வேண்டாம். அதே தள்ளுவிசைக்கு இரு மடங்கு முறுக்கு கேட்கும், நகர்வின் நுணுக்கமும் பாதியாகும்.

துல்லியத் தரத்தை சி என்ற எழுத்தோடு ஓர் எண் குறிக்கும். எண் சிறியதானால் தரம் உயர்வு. சி10 ஸ்க்ரூவில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.21 மி.மீ. வரை லீட் பிழை இருக்கலாம். சி7 என்றால் 0.05 மி.மீ. சி5 என்றால் ஏறத்தாழ 0.02 மி.மீ. உருட்டித் தயாரிப்பவை பெரும்பாலும் சி7, சி10. அரைத்துத் தயாரிப்பவை சி5-க்கும் மேல், விலையும் பல மடங்கு. வீட்டுப் பட்டறைக்கு சி7 போதும். இங்கே புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு: லீட் பிழை வேறு, பேக்லாஷ் வேறு. லீட் பிழை என்பது நீங்கள் கேட்ட 300 மி.மீ.க்கு 300.04 போவது. பேக்லாஷ் என்பது திரும்பும்போது தொலைவது. முன்னதை மென்பொருளில் ஓரளவு திருத்தலாம். பின்னதை நட்டிலும் பேரிங்கிலும்தான் திருத்த வேண்டும். பேக்லாஷ் திருத்தத்தை மென்பொருளில் போடலாமே என்றால், போடலாம். ஆனால் கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும் கிளைம்ப் மில்லிங்கில் டேபிள் அந்த இடைவெளிக்குள் தானாகவே தாவும். மென்பொருளால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

நீளக் கணக்கு எளிது. மரை உள்ள பகுதி = டேபிள் பயணம் + நட் நீளம் + இரு முனையிலும் தலா 15 மி.மீ. பயணம் 300, நட் 50 என்றால் மரை 380 மி.மீ. இதோடு பேரிங் உட்காரும் முனைகளின் நீளத்தைச் சேருங்கள். பழைய ஸ்க்ரூவின் நீளத்தை அப்படியே கொடுத்து வாங்கினால் பயணம் குறையும், ஏனென்றால் புது நட் பித்தளை நட்டை விட நீளம்.

நட் உட்காருமா?

இந்த வேலையில் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். 1605 நட்டின் உடல் விட்டம் 28 மி.மீ., போல்ட் போடும் அகன்ற விளிம்பான ஃபிளேஞ்ச் 48 மி.மீ. ஃபிளேஞ்சின் எதிரெதிர் இரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும், அங்கே அகலம் 40 மி.மீ. போல்ட் துளைகள் 38 மி.மீ. வட்டத்தில் ஆறு, தலா 5.5 மி.மீ. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறு மாற்றம் இருக்கும் என்பதால் விற்பவரின் வரைபடத்தோடு ஒப்பிடவும், நட் கைக்கு வந்த பிறகு வெர்னியரில் மறுபடி அளக்கவும்.

இப்போது மெஷினில் இரண்டு அளவு எடுங்கள். ஸ்க்ரூவின் மையக் கோட்டிலிருந்து டேபிளின் அடிப்பாகம் வரை எவ்வளவு உயரம், அதே கோட்டிலிருந்து கீழே, டேபிளைத் தாங்கும் சாடில் வரை எவ்வளவு. தட்டைப் பக்கம் மேலும் கீழுமாக வரும்படி நட்டைத் திருப்பினால் ஃபிளேஞ்சுக்கு மேலே 20 மி.மீ., கீழே 20 மி.மீ. வேண்டும். உடலுக்கு 14 மி.மீ. இவற்றோடு தலா 1 மி.மீ. தாராளம். ஒய் (முன்பின்) அச்சில், மெஷின் அடிப்பாகம் குழிவாக இருப்பதால், இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். எக்ஸ் அச்சில் கிடைக்காது.

கிடைக்காதபோது மூன்று வழி. ஒன்று, 1204-க்கு இறங்குவது. எக்ஸ் அச்சு சிறியதானால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு, நட் உடலைச் சாடிலின் குழிக்குள் விட்டு, ஃபிளேஞ்சைச் சாடிலின் பக்கவாட்டு முகத்துக்கு வெளியே நிறுத்துவது. டேபிள் பயணத்தில் சில சென்டிமீட்டர் போகும். மூன்று, சாடிலில் இரும்பை எடுப்பது. எடுக்கும்போது டவ்டெயிலின் வேர்ப்பகுதியையும் ஜிப் திருகுகள் அழுத்தும் பக்கத்தையும் தொடாதீர்கள். அங்கே சுவர் மெலிந்தால் ஜிப்பை இறுக்கும்போது சாடிலே விரிந்து கொடுக்கும்.

நட்டின் ஃபிளேஞ்சை இன்னும் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தால் அரைத்துத்தான் எடுக்க முடியும், அது கடினப்படுத்திய எஃகு. நட்டின் இரு வாயையும் எண்ணெய்த் துளையையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, தொட்டால் சுடாத அளவுக்கு நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் துடைப்பான்கள் இருக்கின்றன, சூட்டில் உருகிவிடும். அரைத்தூள் ஒரு துளி உள்ளே போனாலும் அந்த நட் முடிந்தது.

நட் மவுண்டைக் கனமாகச் செய்யுங்கள். எஃகு நல்லது, இடம் இருந்தால் 20 மி.மீ.க்குக் குறையாத அலுமினியமும் தாங்கும். துளையை 28 மி.மீ.க்கு இறுக்கமாக எடுக்க வேண்டாம். 28.3 போல் தளர்வாக விட்டால் சீர்படுத்தும்போது நட் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். துல்லியம் வேண்டியது ஃபிளேஞ்ச் சாயும் முகத்தில். அந்த முகம் நகரும் திசைக்குச் செங்குத்தாக, ஃபிளேஞ்ச் அகலத்துக்கு 0.02 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் பந்துகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சுமை ஏறும், சில மாதங்களில் கரகரக்கத் தொடங்கும். பல மெஷின்களில் பழைய நட் ஒரே ஒரு போல்ட்டில் தொங்கும். அந்தத் துளையையே நம்பாமல் இன்னொரு போல்ட்டாவது கூட்டுங்கள்.

முனைகளைக் கடைவது

லேத்தும் கார்பைட் டூலும் இல்லாதவர்கள் முனை கடைந்தே வாங்குங்கள். பிகே 12 (நிலை முனைக்கு), பிஎஃப் 12 (மறுமுனைக்கு) பேரிங் பிளாக்குகளுக்கு ஏற்றபடி என்று சொன்னால் 1605 ஸ்க்ரூவை அப்படியே தருவார்கள். 1204-க்கு பிகே 10, 2005-க்கு பிகே 15. புதியவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

தாமே கடைய விரும்புகிறவர்களுக்கு: ஸ்க்ரூவின் மேல்தோல் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினம். ஹாக்ஸா பிளேடு வழுக்கும். நட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு அறுப்புச் சக்கரத்தால் வெட்டுங்கள். கடைய வேண்டிய நீளத்தில் மரை முகடுகளை கிரைண்டரில் முதலில் தேய்த்து எடுத்துவிட்டால் கார்பைட் முனைக்கு அடி விழாது. உள்ளே போகப் போக இரும்பு மென்மையாகிவிடும். சக்கில் நேரடியாகப் பிடிக்காமல், ஒரு பக்கம் பிளந்த பித்தளைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, சுற்றும்போது மையம் விலகும் அளவு 0.01 மி.மீ.க்குள் வரும்வரை சரிசெய்யவும். பேரிங் இருக்கை 12.000-க்கும் 11.989-க்கும் நடுவே நிற்க வேண்டும். லாக் நட்டுக்கு எம்12 × 1 நுண்மரை.

ஒரு நுணுக்கம். 1605-இன் மரை அடி விட்டமே 13 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். 12-க்குக் கடைந்தால் பேரிங் சாய்வதற்கு மிஞ்சும் தோள் மிக மெலிசு, அதிலும் மரைப் பள்ளம் ஒரு பக்கம் வெட்டியிருக்கும். அதனால் பேரிங்கை நேரே தோளில் மோதவிடாமல் பிகே பிளாக்கோடு வரும் ஸ்பேசர் வளையத்தை நடுவே போடுங்கள். தோள் கோணலாக இருந்தால் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவே லேசாக வளையும். சுற்றுக்கு ஒரு தடவை இறுகித் தளரும் ஸ்க்ரூக்களில் பாதிக்குக் காரணம் இந்தத் தோள்தான்.

பேரிங்

ஒரு முனை நிலையாக நின்று தள்ளுவிசை முழுவதையும் தாங்க வேண்டும். மறுமுனை ஸ்க்ரூவைத் தொங்காமல் பிடித்தால் போதும், சூட்டில் நீளும்போது முன்பின் நகர அதற்கு இடம் வேண்டும். இரண்டையும் இறுக்கினால் ஸ்க்ரூ நீள இடமின்றி வளையும். ஒய் அச்சு போன்ற குட்டை ஸ்க்ரூவில் மறுமுனைப் பேரிங்கை விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை.

நிலை முனையில், நீளவாட்டுத் தள்ளலைத் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகள் இரண்டு எதிரெதிராக உட்கார வேண்டும். மலிவான பிகே 12 பிளாக் வாங்கினால் மூடியைத் திறந்து பேரிங்கின் எண்ணைப் படியுங்கள். 7001 என்று இருந்தால் ஆங்குலர் காண்டாக்ட். 6001 என்று இருந்தால் சாதாரண பேரிங்கைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். பின்னதை எவ்வளவு இறுக்கினாலும் முன்பின் ஆட்டம் முழுதாகப் போகாது. நல்லவேளையாக இரண்டுக்கும் அளவு ஒன்றே: உள் விட்டம் 12, வெளி விட்டம் 28, தடிமன் 8 மி.மீ. கழற்றிவிட்டு 7001 ஜோடியை மாட்டிவிடலாம். மாட்டும் திசையில் கவனம்: இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் ஒரு திசைத் தள்ளலை மட்டுமே தாங்கும்.

லாக் நட்டை ஆட்டம் மறையும்வரை இறுக்கி, அதற்கு மேல் ஒரு கீற்று. விரலால் சுற்றினால் பட்டுப்போல ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கட்டிகட்டியாகத் தடுக்கினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

பிகே பிளாக்கைப் படுக்கையான பரப்பில்தான் பொருத்த முடியும். மில்லிங் மெஷினின் டேபிள் முனையில் தட்டு வைத்துப் பொருத்த எஃப்கே 12 எனும் ஃபிளேஞ்ச் வகை வசதி.

பிரிக்கும் முன்

நட் மவுண்ட், பேரிங் தட்டு, மோட்டார் மவுண்ட் எல்லாவற்றையும் மெஷின் ஓடும் நிலையில் இருக்கும்போதே வெட்டி முடியுங்கள். பிரித்துப் போட்ட பிறகு ஒரு துளை 2 மி.மீ. தள்ளிப்போயிருப்பது தெரிந்தால், அதைத் திருத்த வேண்டிய மெஷின் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும். பழைய ஸ்க்ரூ, நட், போல்ட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். தற்காலிகமாகத் திரும்ப மாட்ட வேண்டி வரலாம். இசட் அச்சைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

மாட்டும் வரிசை

ஒய் அச்சு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் அதில் தொடங்கி எக்ஸ், பிறகு இசட். ஒவ்வோர் அச்சுக்கும் வேலை இதே வரிசையில்தான்.

1. மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பொருந்தும் முகங்களில் பிசிர் இல்லாமல் எண்ணெய்க்கல்லால் தடவுங்கள். ஒரு பிசிர் 0.05 மி.மீ. தூக்கிவிடும்.

2. ஸ்க்ரூ இல்லாமலே டேபிளை ஏற்றி ஜிப்பைச் சரிசெய்யுங்கள். கையால் தள்ளினால் பயணம் முழுவதும் ஒரே கனத்தில் நகர வேண்டும். நடுவில் தளர்ந்து முனைகளில் இறுகினால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. அப்போது முனைகளில் தடையின்றி நகரும் அளவுக்கே ஜிப்பை வைக்க முடியும்.

3. பேரிங் பிளாக்கைப் பாதி இறுக்கத்தில் பொருத்துங்கள். பேரிங் துளையில் 12 மி.மீ. அரைத்த நேர்க்கம்பி ஒன்றைச் செருகி, டயல் கேஜை டேபிளில் வைத்து, கம்பியின் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் ஓட்டிப் பாருங்கள். 100 மி.மீ.க்கு 0.02 மி.மீ.க்குள் வர வேண்டும். மரையின் மேலேயே கேஜ் ஓட்டினால் முகடுகளில் முள் துள்ளும், ஒன்றும் புரியாது.

4. உயரம் குறைந்தால் பித்தளை ஷிம் தகடு போட்டு ஏற்றுங்கள். அதிகமானால் நட் மவுண்டின் அடியைச் சீவுவது பேரிங் பிளாக்கைச் சீவுவதை விட எளிது.

5. கம்பியை எடுத்துவிட்டு ஸ்க்ரூவை ஏற்றி, நிலை முனை லாக் நட்டை இறுக்குங்கள். நட்டின் போல்ட்டுகள் இப்போது விரல் இறுக்கத்தில் மட்டும்.

6. நட் நிலை முனைக்கு மிக அருகில் வரும்வரை டேபிளை நகர்த்தி, அங்கே வைத்து நட் ஃபிளேஞ்சின் ஆறு எம்5 போல்ட்டுகளையும் எதிரெதிராக இறுக்குங்கள். நடுவில் வைத்து இறுக்கினால் ஸ்க்ரூ வளைந்து கொடுத்துப் பிழையை மறைத்துவிடும். முனையருகே அதற்கு வளைய இடமில்லை.

7. டேபிளை மறுமுனைக்குக் கொண்டுபோய் அங்குள்ள துணைப் பேரிங்கை இறுக்குங்கள்.

8. மோட்டார் இல்லாமல், விரலால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பயணம் முழுவதும் போய் வாருங்கள்.

இந்த எட்டாவது படியில் நேரத்தைச் செலவழியுங்கள், விரல் பல விஷயம் சொல்லும். பேரிங் அருகில் மட்டும் இறுகினால் நட் மவுண்டும் பேரிங்கும் ஒரே கோட்டில் இல்லை, ஷிம்மைத் திருத்துங்கள். சுற்றுக்கு ஒரு தடவை இறுகினால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது அல்லது தோள் கோணல். எங்கும் ஒரே சீராகக் கனமாக இருந்தால் லாக் நட் அல்லது ஜிப் அதிகம் இறுகியிருக்கிறது. எந்த ஒழுங்குமில்லாமல் கரகரத்தால் நட்டுக்குள் தூள்.

எல்லாம் சரியான பிறகு நட் மவுண்ட், பேரிங் பிளாக் இரண்டுக்கும் இரண்டிரண்டு டோவல் பின் துளைத்து அடியுங்கள். அடுத்த முறை கழற்றி மாட்டும்போது மூன்றாவது படியிலிருந்து தொடங்க வேண்டியிராது. துளைக்கும் தூள் நட்டில் விழாமல் துணி சுற்றுங்கள்.

நட்டைக் கழற்ற வேண்டியிருந்தால்

நட் ஸ்க்ரூவின் முனையைத் தாண்டிய கணம் பந்துகள் உதிர்ந்து நாலாபக்கமும் ஓடும். கழற்றும் முன் மரையின் அடி விட்டத்தை விட 0.2 முதல் 0.4 மி.மீ. சிறிய ஒரு குழாயை அல்லது கடைந்த தடியை ஸ்க்ரூ முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன்மேல் திருகி ஏற்றுங்கள். புது நட் தனியாக வந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் இதற்குத்தான், உருவி எறிந்துவிடாதீர்கள்.

உதிர்ந்தே போனால் பதற்றம் வேண்டாம். அடியில் வெள்ளைத் துணி விரித்து எண்ணிப் பொறுக்கி, கிரீஸ் தொட்டு ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் ஒட்டுங்கள். 1605-இல் வழக்கமாக 3.175 மி.மீ. பந்து. ஒன்றிரண்டு தொலைந்தால் வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கலக்கக் கூடாது. சில மைக்ரான் பெரிய பந்து தனியாளாகச் சுமை முழுவதையும் தாங்கிப் பள்ளத்தில் குழி போடும். ஒரு பந்து குறைவாக ஓட்டுவது அதை விடப் பாதுகாப்பு.

நட்டின் சொந்த பேக்லாஷைக் குறைக்கவும் பந்தே வழி. இருக்கும் பந்துகளை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.005 மி.மீ. பெரிய பந்துகளை முழுத் தொகுப்பாக மாற்றிப் பாருங்கள். ஆட்டம் மிஞ்சினால் இன்னொரு 0.005. கையால் சுற்றும்போது தடுக்கத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். இந்தப் பொறுமை இல்லாதவருக்கு இரட்டை நட் உள்ள டிஎஃப்யு வகை இருக்கிறது. இடமும் இரட்டிப்பாகக் கேட்கும்.

இசட் அச்சு

மெஷின் தலை 25 கிலோ என்றால் 5 மி.மீ. லீடில் அதன் எடை ஸ்க்ரூவைச் சுமார் 0.18 நியூட்டன் மீட்டர் முறுக்கில் சுற்றப் பார்க்கும். மின்சாரம் இருக்கையில், படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் இதை எளிதாகப் பிடிக்கும். மின்சாரம் போனால் மோட்டாரின் காந்தத் தடையும் ஜிப் உராய்வும் மட்டுமே மிச்சம். தலை மெதுவாகவோ வேகமாகவோ இறங்கி கட்டரை வேலைப் பொருளில் குத்தும், கை நடுவில் இருந்தால் இன்னும் மோசம். தலையின் எடைக்குச் சமமான கேஸ் ஸ்பிரிங் அல்லது எதிர் எடை வைப்பது ஒரு வழி. மின்சாரம் நின்றால் தானே பிடிக்கும் பிரேக் உள்ள மோட்டார் இன்னொரு வழி. முடிந்தால் இரண்டும். வேலை செய்யும் நாட்களில் பழைய ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் இதே எச்சரிக்கை: தலைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுக்காமல் எந்த போல்ட்டையும் தொடாதீர்கள்.

மோட்டாரும் சோதனையும்

500 நியூட்டன் தள்ளுவிசைக்கு 5 மி.மீ. லீடில் 0.44 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஸ்டெப்பரின் முறுக்கு வேகம் ஏற ஏறக் குறையும், ஜிப் உராய்வும் சேரும். ஆகவே 2 நியூட்டன் மீட்டர் அளவு எழுதிய நேமா 23 (முகப்பு அளவைக் குறிக்கும் எண்) மோட்டார் நடுத்தர மெஷினின் எக்ஸ், ஒய்க்குப் பொருத்தம். மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கை ஓல்ட்ஹாம் அல்லது ஜா வகையில் எடுங்கள். சுருள்வெட்டு அலுமினியக் கப்ளிங் முறுக்கத்தில் ஸ்பிரிங் போலக் கொடுக்கும். எந்தக் கப்ளிங்கானாலும் தள்ளுவிசையை அது தாங்கக் கூடாது. மோட்டார் தண்டை ஸ்க்ரூ முனையில் முட்டவிடாமல் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப் என்றால் சுற்றுக்கு 1600 துடிப்பு, 5 மி.மீ. லீடில் மில்லிமீட்டருக்கு 320. இதைப் பதிந்துவிட்டு 100 மி.மீ. நகரச் சொல்லுங்கள். தொடங்கும் முன் அதே திசையில் 2 மி.மீ. நகர்த்தி இடைவெளியை எடுத்துவிட்டால்தான் அளவு நம்பத்தக்கது. 99.95 வந்தால் 320-ஐ 100/99.95-ஆல் பெருக்கி 320.16 என்று மாற்றுங்கள். வெர்னியரை வைத்து இதைச் செய்ய வேண்டாம், அதன் பிழையே 0.02 மி.மீ. இருக்கும்.

பிறகு முதலில் எடுத்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். மொத்த பேக்லாஷ் 0.02 மி.மீ.க்குள் வந்தால் நல்ல வேலை. வராவிட்டால் ஸ்க்ரூ முனையில் பந்து வைத்து அளந்த அந்த இரண்டாவது சோதனைக்கே முதலில் போங்கள், குற்றவாளி பெரும்பாலும் நிலை முனைதான். கடைசியாக ஓர் அலுமினியத் துண்டில் 50 மி.மீ. வட்டம் வெட்டி, அச்சுத் திசைகளிலும் 45 டிகிரியிலும் விட்டம் அளந்து பாருங்கள். திசை மாறும் நான்கு இடங்களிலும் நகத்தில் தட்டுப்படும் படி தெரிந்தால் பேக்லாஷ் மிச்சம். மூலைவாட்டில் மட்டும் நீண்டிருந்தால் இரு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை, அதற்கும் ஸ்க்ரூவுக்கும் சம்பந்தமில்லை.

எண்ணெயும் மூடியும்

நட்டின் ஃபிளேஞ்சில் உள்ள எண்ணெய்த் துளையில் லித்தியம் கிரீஸ் இரண்டாம் எண், அல்லது குழாய் இழுத்து 68 எண் ஸ்லைட்வே எண்ணெய். இரண்டில் ஒன்று, கலக்க வேண்டாம். கிராஃபைட், மாலிப்டினம் கலந்த கிரீஸ்கள் வேண்டாம், அவற்றில் உள்ள திடத் துகள்கள் பந்துப் பாதையில் சேர்ந்துகொள்ளும். மாட்டி முடித்த பிறகு எட்டாத இடத்துக்குப் போய்விடும் துளை இது. மாட்டும்போதே ஒரு மெல்லிய நைலான் குழாயை வெளியே இழுத்து விட்டுவிடுங்கள்.

வார்ப்பிரும்புத் தூள் கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். நட்டின் துடைப்பான் பெரிய சீவல்களைத் தள்ளும், நுண்தூளைத் தடுக்காது. ஒய் அச்சுக்கு ரப்பர்த் துணியாலான மடிப்பு மூடி, எக்ஸ் அச்சுக்கு டேபிள் முனைகளில் வளைத்த தகடு, இசட் அச்சுக்குத் தலையோடு ஏறி இறங்கும் திரை. காற்றுத் துப்பாக்கியால் டேபிளைச் சுத்தம் செய்யும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு பிரஷும் வேக்கமும் எடுங்கள்.